எந்தப் பக்கம் நின்றாலும் வலப்புறம்

மண்டபத்துக்குள் வந்ததும் அத்தான் எங்களில் ஒருவரோடும் பேசமாட்டார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நேரே பில்லியர்ட் மேசையடிக்குப் போய், பச்சைத் துணியின்மேல் உள்ளங்கையை விரித்து வைப்பார். காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல் இருக்கும். பிறகு வெள்ளைப் பந்தை எடுத்து, தடியில்லாமல் கையாலேயே மெதுவாக உருட்டிவிட்டு, அது எங்கே போய் நிற்கிறது என்று தலையைச் சரித்துப் பார்ப்பார். பந்து நின்ற பிறகுதான் எங்கள் பக்கம் திரும்பிச் சுகம் விசாரிப்பார். அவர் என் அக்காவின் கணவர். துறைமுகத்துப் பட்டறையொன்றில் பிற்றர். இரும்பை அராவிப் பொருத்துகிற வேலை. அக்காவைக் கல்யாணம் முடித்த வருடத்திலிருந்தே சோடி ஆட்டத்தில் எனக்கு அவர்தான் சோடி. நான் சுமாரான ஆட்டக்காரன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேறு விஷயம் இருக்கிறது.

திருகோணமலையில் உள்துறைமுகத்துக்கு இறங்கும் தெருவொன்றில் இருக்கிறது எங்கள் மண்டபம். மேசை அங்கே எப்படி வந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை உண்டு. கப்பல்காரர் விட்டுப்போனது என்பார் ஒருவர், சீனன்குடாப் பக்கத்தில் கழித்துவிட்டதை லொறியில் ஏற்றி வந்தோம் என்பார் இன்னொருவர். எப்படி வந்திருந்தாலும் அது வந்த நாளிலிருந்து சுகமில்லாத மேசைதான். கடலைப் பார்த்த யன்னல்களுக்குக் கண்ணாடி கிடையாது. வாடைக் காலத்தில் துணி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். எவ்வளவு பலமாக அடித்தாலும் பந்து பாதி வழியில் களைத்து நிற்கும். கச்சான் காற்று எழும்பிவிட்டால் அதே துணி காய்ந்து முறுகி, தொட்டாலே பந்து பறக்கும். கடல் பக்கத்து நிலம் தாழ்ந்து, மேசையும் அந்தப் பக்கமாகச் சரிந்து நின்றது. அந்தப் பக்கத்து விளிம்பு ரப்பர் செத்துப்போய், போய் முட்டிய பந்து திரும்பி வர மனமில்லாமல் அங்கேயே கிடக்கும். நடுக்குழி ஒன்று உள்ளே விழுந்த பந்தையும் வெளியே துப்பும். துணியில் இருந்த கிழிசலைச் சைக்கிள் ரியூப் ஒட்டுகிற பசையால் நாங்களே ஒட்டியிருந்தோம்.

வெளியூர் அணிகள் எங்கள் மேசையைத் திட்டாத நாளில்லை. அத்தான் மட்டும் எந்த மேசையையும் திட்டியதில்லை. ஈரமென்றால் பலத்தைக் கூட்டுவார். காய்ந்திருந்தால் தடியை முன்னால் பிடித்து, அடியைக் குறுக்குவார். செத்த ரப்பரை நம்பி ஒரு பந்தும் அனுப்பமாட்டார். சில நாட்களில் அதன் சாவையே தனக்கு உதவியாக எடுத்துக்கொண்டு, எதிராளிக்கு எட்டாத இடத்தில் வெள்ளைப் பந்தை ஒட்டி நிறுத்திவிடுவார். நான் சலித்துக்கொள்ளும்போதெல்லாம் ஒன்றைத்தான் சொல்வார்: "மேசையோட சண்டை பிடிக்காதை. அது இழுக்கிற பக்கம் இழுக்கட்டும், நீ அதுக்கு விட்டுக்குடுத்து அடி." அவர் வாழ்க்கையையும் அப்படித்தான் நடத்தினார். சம்பளம் பிந்தினாலும் சரி, கூரை ஒழுகினாலும் சரி, அக்காவின் வாய்க்கும் சரி, விட்டுக்கொடுத்துத்தான் அடித்தார்.

எங்கள் மாவட்டத்தில் ஆடுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. வேறெங்கும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. போட்டி தொடங்குமுன், சொந்த மண்டபத்து அணியின் தலைவர் மேசையின் குறைகளை வந்த அணிக்கு வாய்விட்டுச் சொல்லவேண்டும். எந்த ரப்பர் செத்தது, எந்தக் குழி துப்பும், எந்தப் பக்கம் சரிவு என்று ஒன்றையும் மறைக்கக்கூடாது. பிறகு வந்த அணியின் தலைவர் வெள்ளைப் பந்தை இரண்டு தலைப்பிலிருந்தும் உருட்டிப் பார்ப்பார். இதைக் குறை சொல்லுதல் என்போம். நல்ல மேசை என்று ஒன்று எங்கள் பக்கத்தில் இல்லாததால் வந்த மரியாதை இது. ஒரு குறையை மறைத்தவன் என்று பேரெடுத்துவிட்டால் அவனோடு பிறகு யாரும் ஆடமாட்டார்கள். அணித்தலைவன் என்ற முறையில் பல வருடங்களாக நான்தான் எங்கள் மேசைக்குக் குறை சொன்னேன். கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

இப்போது அத்தானுக்குக் கண் தெரியாது. வலது கண் முழுக்கப் போய்விட்டது. இடது கண்ணில் ஒரு சாவித்துவாரம் அளவுக்கு மிச்சமிருக்கிறது. அதுவும் மாதத்துக்கு மாதம் சுருங்குகிறது. அது போனதில் எனக்குப் பங்கு உண்டு. இதுவரை இதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வருடம் நாங்கள் கடைசி ஆட்டத்துக்கு வந்திருந்தோம். அதற்கு முந்திய மூன்று வருடமும் ஒரு படி கீழே விழுந்து வீட்டுக்கு வந்தவர்கள். கடைசி ஆட்டம் எங்கள் மண்டபத்தில், எதிரணி கிண்ணியா. அதற்கு ஒரு மாதம் இருக்கும்போது அத்தான் பந்துகளைத் தவறவிடத் தொடங்கினார். பெரிய தவறல்ல. குழியின் வலது உதட்டில் பட்டுப் பட்டு நின்றன. மேசை வலப்புறம் இழுக்கிறது என்றார். வாசல் பக்கம் நின்றால் கடல் எங்களுக்கு வலப்புறம், ஆகவே இழுக்கத்தான் செய்யும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் ஒரு ஞாயிறு பின்னேரம் அவர் எதிர்த் தலைப்பில், சுவர்ப் பக்கம் நின்று அடித்தார். அங்கே நின்றால் கடல் இடப்புறம். பந்து இடப்புறம் அல்லவா போகவேண்டும்? வலப்புறமே போனது. மூன்று முறை அடித்தார், மூன்று முறையும் வலப்புறம். சரிவு என்பது மெதுவாகப் போகிற பந்தைத்தான் இழுக்கும். அவர் பலமாக அடித்த பந்தும் விலகியது. அவர் நிமிர்ந்து, துணிக்கு அடியிலுள்ள கற்பலகை நடுவில் வளைந்து மேடு கட்டிவிட்டது, அதனால்தான் இரண்டு பக்கமும் இழுக்கிறது என்றார். எங்களோடு நின்றவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். வேறு ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எங்களுக்கு அந்த மேசைமேல் எந்தப் பழியையும் போடலாம். அது எல்லாப் பழியையும் தாங்கிப் பழகியிருந்தது.

நான் கட்டட வேலைகளை மேற்பார்வை செய்கிற தொழில்நுட்ப உத்தியோகத்தன். மட்டம் பார்ப்பது என் வயிற்றுப்பிழைப்பு. கடைசி ஆட்டத்துக்கு ஒரு கிழமை இருக்க, சனிக்கிழமை காலையில் என் நீளமான ஸ்பிரிட் லெவலை எடுத்துக்கொண்டு தனியே மண்டபத்துக்குப் போனேன். கடல் பக்கத்துக் கால்களுக்குக் கீழே தகரத்துண்டும் மட்டையும் வைத்து, ஏற்றி இறக்கி, வியர்த்து விறுவிறுத்து, இரண்டு மணித்தியாலத்தில் அந்த மேசையை நிமிர்த்தினேன். நீளத்துக்கு வைத்துப் பார்த்தேன், குறுக்கே வைத்துப் பார்த்தேன், மூலைக்கு மூலை வைத்துப் பார்த்தேன். எங்கே வைத்தாலும் குமிழி நடுக்கோட்டுக்குள் நின்றது. கற்பலகையில் மேடு எதுவும் இல்லை. நாங்கள் இத்தனை வருடம் சோம்பேறித்தனத்தால் செய்யாமல் விட்ட வேலை அது. பந்தை உருட்டிப் பார்த்தேன். நேரே போய் நேரே நின்றது. அந்த மேசை அப்படி நின்றதை நான் அன்றுதான் முதன்முதல் கண்டேன்.

பின்னேரம் அத்தான் வந்தார். நான் மட்டம் பார்த்ததைச் சொல்லவில்லை. அடிக்கட்டும், பிறகு சொல்லிச் சிரிக்கலாம் என்று இருந்தேன். வாசல் பக்கம் நின்று அடித்தார், வலப்புறம். சுவர்ப் பக்கம் போய் நின்று அடித்தார், வலப்புறம். தடியை நிலத்தில் ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் முதன்முதலாக ஒரு பயத்தைக் கண்டேன். "இழுக்குதுதானே? உனக்கும் தெரியுதுதானே?" என்று கேட்டார்.

நான் சொன்னேன்: "ஓம் அத்தான். கொஞ்சம் இழுக்குது."

அவர் முகம் தெளிந்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. மேசையில்தான் பிழை என்றால் அவருக்கு ஒரு கவலையும் கிடையாது. உடனே வேலையில் இறங்கிவிட்டார். குழிக்கு இடப்புறம் ஒரு நூலளவு தள்ளிக் குறிவைத்தார், தவறியது. இன்னும் கொஞ்சம் தள்ளினார், விழுந்தது. அரை மணித்தியாலத்தில் எல்லாப் பந்தும் விழத்தொடங்கிவிட்டன. இல்லாத சரிவுக்கு அவர் அளந்து அளந்து விட்டுக்கொடுத்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளதைச் சொன்னால் அவர் பயந்து ஆட்டத்தையே விட்டுவிடுவார், ஆஸ்பத்திரி என்று அக்கா இழுத்துக்கொண்டு ஓடுவாள், கோப்பை நாலாவது வருடமும் போய்விடும். ஒரு கிழமைதானே, முடியட்டும் என்று என் மனதுக்குச் சொன்னேன். நாற்பத்தைந்து தாண்டினால் எல்லோருக்கும் கண்ணாடி வருவதுதானே என்றும் சொன்னேன். அத்தான்மீது இருந்த அன்பினால் செய்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அது பொய். கோப்பை வேண்டும் என்பதற்காகத்தான் செய்தேன்.

கடைசி ஆட்டத்தன்று கிண்ணியா அணியின் தலைவர் எனக்கு முன்னால் வந்து நின்றார். கிண்ணியாவில் மரம் அரிந்து விற்கிற மரக்காலை வைத்திருப்பவர். இரண்டு பக்கத்து ஆட்டக்காரரும் அவரை, அண்ணன் என்ற பொருளில், நானா என்றுதான் கூப்பிடுவோம். ஒருமுறை தன் மண்டபத்தில், வேறு யாருமே கண்டுபிடித்திருக்க முடியாத ஒரு குறையைத் தானாகவே சொல்லி, அதனாலேயே தோற்ற மனிதர். அவருக்கு நான் குறை சொல்லத் தொடங்கினேன். செத்த ரப்பர், துப்புகிற குழி, ஒட்டிய கிழிசல். சரிவு என்ற இடத்துக்கு வந்தேன். மட்டம் என்று சொன்னால் எனக்குப் பின்னால் நிற்கும் அத்தானுக்குக் கேட்கும். ஆகவே, "வலப்பக்கம் கொஞ்சம் இழுக்கும் நானா" என்றேன். எந்தத் தலைப்பிலிருந்து என்று அவர் கேட்டார். இரண்டிலிருந்தும் என்று அத்தானே பதில் சொன்னார்.

நானா வாசல் பக்கத்திலிருந்து உருட்டினார். பந்து நேரே போனது. சுவர்ப் பக்கம் நடந்துபோய் அங்கிருந்தும் உருட்டினார், நேரே வந்தது. அத்தான் அதை விலகுவதாகவே பார்த்துக்கொண்டு நின்று, "கண்டியளே" என்றார். நானா அத்தானைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் சோக்குக்கட்டியை எடுத்துத் தடிநுனியில் தேய்க்கத் தொடங்கினேன். அவர் பந்தைத் திரும்ப வைத்தார்.

நாங்கள் வென்றோம். கடைசிச் சோடி ஆட்டத்தில், விழுத்தினால் வெற்றி என்ற கறுப்புப் பந்து அத்தானின் முறைக்கு வந்தது. நீள ஓட்டம், மூலைக்குழி. குழிக்கு இடப்புறம், வெறும் ரப்பரைப் பார்த்துக் குறிவைத்தவர்போல் குனிந்து நின்றார். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்திருக்கும். பந்து விளிம்பில் படாமலே விழுந்தது. எங்கள் ஆட்கள் அவரைத் தூக்கிக்கொண்டு தெருவரை போனார்கள். நானும் ஒரு காலைப் பிடித்துத் தூக்கினேன். அவ்வளவு சந்தோசமான ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குப் பிறகு வரவில்லை.

போகுமுன் நானா என்னை யன்னலடிக்குக் கூப்பிட்டார். "மேசையில இழுவை இல்ல தம்பி. அது உங்களுக்கும் தெரியும். ஆட்டத்துக்குள்ள ரெண்டு தரம் அவர்ர வலப்பக்கத்தால போனனான், என்னக் காணல்ல அவரு. நாளைக்கே கண்ணக் கொண்டுபோய்க் காட்டுங்க" என்றார். ஓம் என்றேன். கோப்பைக்காக அவர் முறைப்பாடு வைத்திருக்கலாம், வைக்கவில்லை.

மறுநாள் நான் கொண்டுபோகவில்லை. அடுத்த கிழமையும் கொண்டுபோகவில்லை. வென்ற பிறகு என்ன தடை என்று கேட்பீர்கள். கண்ணைக் காட்டுவோம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்றால் மேசை மட்டமாக இருந்தது என்று சொல்லவேண்டும். அப்படிச் சொன்னால் அந்தக் கறுப்புப் பந்தின் கதை என்னாவது? அதை அவர் பட்டறையில் எத்தனை பேருக்குச் சொல்லிவிட்டார்! ஒருமுறை மட்டும், பேச்சோடு பேச்சாக, ஒரு கண்ணாடி போட்டுப் பார்ப்போமா அத்தான் என்று கேட்டேன். அவர் சிரித்தார். "கண்ணாடி நான் போட்டா மேசை நிமிருமே?" நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அதற்குப் பிறகு அவர் எல்லாவற்றுக்கும் விட்டுக்கொடுத்துக்கொண்டே போனார். சோற்றுக்கோப்பையின் வலப்பக்கத்துக் கறி மிஞ்சியது; அக்கா கோப்பையைத் திருப்பி வைத்தாள். கதவுநிலையில் தோள் இடித்தது. ஒருக்களித்து நடக்கப் பழகினார். பட்டறையில் வெளிச்சம் போதாது என்றார், சந்தியில் ஆட்டோக்காரர் கண்மண் தெரியாமல் வருகிறார்கள் என்றார். ஒவ்வொன்றுக்கும் வெளியில் ஒரு காரணம் கிடைத்தது, ஒவ்வொன்றையும் சமாளித்தார். வேறு யாராவது என்றால் ஒரு மாதத்தில் தடுக்கி விழுந்து வைத்தியரிடம் போயிருப்பார்கள். அத்தான் ஒரு வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்தார். கடைசியில் சந்தியொன்றில், வலப்பக்கமிருந்து வந்த ஆட்டோவுக்கு நேர் குறுக்கே மோட்டார் சைக்கிளைத் திருப்பி விழுந்தார். கால் முறிவு பெரிதில்லை. பட்டப்பகலில் இவ்வளவு பெரிய வாகனத்தை எப்படிக் காணாமல் விட்டீர்கள் என்று கேட்ட வைத்தியர்தான் கண் பகுதிக்கு அனுப்பினார்.

கண் வைத்தியர் ஓர் இளம் பெண். அத்தானை நேரே தன் மூக்கைப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஒரு பேனையை அவர் வலது காதுப் பக்கத்திலிருந்து மெல்ல மெல்ல முன்னே கொண்டுவந்தார். தெரிந்ததும் சொல்லச் சொன்னார். நான் கட்டிலின் அந்தப் பக்கம் நின்றேன். பேனை காதைத் தாண்டியது, கன்னத்தைத் தாண்டியது. சொல்லுங்கோ அத்தான், சொல்லுங்கோ என்று மனதுக்குள் கெஞ்சினேன். மூக்குக்கு நேரே கிட்டத்தட்ட வந்த பிறகுதான் அவர் "இப்ப" என்றார். தனக்குச் சரியாகத்தான் தெரிகிறது என்ற தோரணையில் சொன்னார்.

கண்ணுக்குள் அமுக்கம் கூடி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்கிற வியாதி என்றார் வைத்தியர். வலி இருக்காதாம், ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டு வருமாம். முன்னமே ஏதாவது வித்தியாசம் தெரிந்ததா என்று கேட்டார். அத்தான் இல்லை என்று தலையாட்டினார். வைத்தியர் என்னைப் பார்த்துக் கேட்டார். நானும் தலையாட்டினேன். "போன பார்வை திரும்பி வராது. ஒரு வருசம் முந்தி வந்திருந்தா நிறையக் காப்பாத்தியிருக்கலாம்" என்று அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு மருந்துத் துண்டை எழுதத் தொடங்கினார்.

இடது கண்ணுக்குச் சொட்டு மருந்து, பிறகு சத்திரசிகிச்சை, பிறகு கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய் இன்னொன்று. எதனாலும் அது நிற்கவில்லை. எங்கள் மேசையை இப்போது மாற்றிவிட்டார்கள்; புதுத்துணி போட்ட நல்ல மேசை வந்திருக்கிறதாம். நான் அந்தப் பக்கம் போவதில்லை. ஒவ்வொரு பின்னேரமும் லிங்கநகரில் அக்கா வீட்டுக்குப் போய் அத்தானோடு விறாந்தையில் கதிரை போட்டு உட்காருகிறேன். அத்தானைக் கைவிடாத மச்சினன் என்று அயலில் என்னைப் புகழ்கிறார்கள்.

போன மாதம் நானா கிண்ணியாவிலிருந்து அத்தானைப் பார்க்க வந்தார். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அத்தானுக்குப் பழைய உற்சாகம் வந்துவிட்டது. கறுப்புப் பந்தின் கதையை முதலிலிருந்து சொன்னார். முடிந்ததும் தேத்தண்ணியைத் தடவி எடுத்து ஒரு மிடறு குடித்தார். பிறகு நானா இருக்கிற பக்கம் என்று நினைத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ஆனா அந்த மேசையாலதான் நான் கெட்டனான் நானா. அது மட்டமாய் இருந்திருந்தா, பந்து விலகேக்கையே கண்ணிலதான் பிழை எண்டு எனக்கு அண்டைக்கே விளங்கியிருக்கும். மேசை இழுக்குது எண்டு நினைச்சு நானும் சரிக்கட்டிச் சரிக்கட்டி அடிச்சுக்கொண்டே இருந்திட்டன். இவன்தான் குறை சொன்னவன், கேட்டுப் பாருங்கோ."

இதைவிட நல்ல தருணம் எனக்கு இனி வரப்போவதில்லை. வாயைத் திறந்தேன். குசினி வாசலில் அக்கா நின்றாள். "ஓம் அத்தான், இழுத்தது" என்றேன்.

"நீங்களும் அண்டைக்கு உருட்டிப் பாத்தனீங்கள்தானே நானா?"

நானா என்னைப் பார்க்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். வைத்த பிறகும் அதிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஓம்" என்றார். "கொஞ்சம் இழுத்திச்சி."

வாசற்படலைவரை அவரோடு போனேன். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் மோட்டார் சைக்கிளை எடுத்தார். திரும்பி வந்து கதிரையில் உட்கார்ந்தேன். என் காலடிச் சத்தம் கேட்டு அத்தான் முகத்தைத் திருப்பினார்.

"நல்ல மனிசன்" என்றார். "மேசையில உள்ளதை உள்ளபடி சொல்லுற ஆள்."